ஏழரை அடி பின்வெளி: கட்டட விதியில் தளர்வு கேட்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் வீட்டுப் பிளான் கீறுகிற எங்களைத் தேடி ஆட்கள் வருவது பெரும்பாலும் இரண்டு நேரங்களில். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் வருவார்கள். இல்லாவிட்டால், வேலையை நிறுத்தச் சொல்லி உள்ளூராட்சிச் சபையிலிருந்து கடிதம் வந்ததும் வருவார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: "இந்த ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் விட்டுத் தருவாங்களா மகள்?"

விட்டுத் தருவார்கள். நியாயமான தளர்வு கிடைத்து வீடு எழும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிடைத்திருக்க வேண்டியது, கேட்ட விதத்தால் கிடைக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன வீடுகள் இன்னும் மனதில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தளர்வு என்பது யாரும் தரும் தயவு இல்லை. விதி எல்லாக் காணிக்கும் பொதுவாக எழுதப்பட்டது. காணிகளோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. முக்கோணமாக ஒடுங்கும் காணி, இரண்டு பக்கமும் வீதி போகிற மூலைக் காணி, பழைய உறுதியில் 4 பேர்ச் (சுமார் 1,090 சதுர அடி) என்று எழுதிய துண்டு, இவற்றில் விதியை அப்படியே வைத்தால் ஒழுங்கான இரண்டு அறை கட்ட முடியாது. அந்த மாதிரி இடத்துக்காகத்தான் தளர்வு இருக்கிறது. ஆகவே கேட்கும்போது பேச வேண்டியது காணியைப் பற்றி. வருகிறவர்களில் பெரும்பாலானோர் எழுதிக்கொண்டு வரும் கடிதமோ தங்களைப் பற்றி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஏன் இவ்வளவு பேர் தளர்வு கேட்கிறார்கள்? சீதன வீடுதான் முதற் காரணம் என்பது என் எண்ணம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்கு. தாயின் வளவில் ஒரு துண்டு மூத்தவளுக்கு, அடுத்த துண்டு இளையவளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஒரு பெண் தன் பெயரில் உள்ள கூரையின் கீழ் இருப்பது பெரிய பலம். அந்த வழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். அம்மம்மாவுக்கு அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச். அவருடைய நாலு பெண்களுக்கு ஆளுக்கு 20. அந்த நால்வரில் ஒருவருக்கு மூன்று பெண்கள் என்றால் ஆளுக்கு 7 பேர்ச்கூட இல்லை. அடுத்த தலைமுறைக்கு என்ன செய்வது? கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரை நாங்கள் குடியிருப்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். பக்கவாட்டில் பெருக இடம் இல்லை.

இங்கேதான் விதி குறுக்கே வருகிறது. நகர எல்லைக்குள் புதிதாகக் காணி பிரிப்பதானால் ஒரு துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், நம் கணக்கில் 6 பேர்ச் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அதன் கீழ் 1986இல் வந்த ஒழுங்குவிதிகள்தான் நெடுங்காலம் எங்கள் கையில் இருந்தவை. 2021 ஜூலையில் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பழைய அளவை வைத்து "எங்கட அண்ணன் வீட்டுக்கு அப்ப தந்தாங்களே" என்று வாதாடுவதில் பயன் இல்லை. அண்ணன் கட்டிய காலத்தில் இருந்த விதி வேறாக இருக்கலாம்.

ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். 12 பேர்ச் வளவு, 33 அடி அகலம், ஏறத்தாழ 99 அடி நீளம். இரண்டு பெண்கள். "நான் உசிரோட இருக்கக்குள்ள ரெண்டு பேருக்கும் தனித்தனி உறுதி முடிச்சிரணும்" என்றார். பன்னிரண்டை இரண்டால் பிரித்தால் ஆறு. சரிதானே என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பின்துண்டுக்கு எந்த வழியால் போவது என்று யாரும் நினைக்கவில்லை. முன்துண்டின் ஓரமாக 10 அடிப் பாதை விட்டால் 50 அடி நீளத்துக்கு 500 சதுர அடி போகிறது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. முன்துண்டில் மிஞ்சுவது நாலேகால் பேர்ச்சுக்குக் கிட்ட. குறைந்த அளவைத் தளர்த்தித் தரச் சொல்லி முன்பே ஒரு கடிதம் கொடுத்து, முடியாது என்று பதிலும் வாங்கியிருந்தார்கள்.

அந்தப் பதில் சரியானது என்றுதான் நான் அவரிடம் சொன்னேன். ஏற்கெனவே சிறுத்துப்போன பழைய துண்டுக்கு இரக்கம் காட்டுவது வேறு. புதிதாக ஒரு சிறுத்த துண்டை உண்டாக்கித் தருவது வேறு. முன்னதில் காணி கஷ்டத்தோடு பிறந்திருக்கிறது. பின்னதில் கஷ்டத்தை நாமே உண்டாக்கிவிட்டுத் தளர்வு கேட்கிறோம். விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு செய்யும் சபையின் திட்டமிடற் குழுவில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இருந்தது. காணியைப் பிரிக்காமல் ஒரே கட்டடமாக இரண்டு மாடி. மேல்வீட்டுக்கு வெளியால் தனிப் படி. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனி மீற்றர். மாடிகளைத் தனித்தனி உரிமையாகப் பதிந்து ஆளுக்கொரு உறுதி முடிக்க 1973ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் சட்டம் இருக்கிறது. கொழும்புக்காரருக்கு மட்டும் உரிய ஏற்பாடு அது என்று எங்கள் ஊரில் நினைத்திருக்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடத்தான்: நில அளவையாளர், நொத்தாரிசு, சபையின் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஆனால் பிரிபடாத பங்கு என்று உறுதியில் எழுதிவிட்டு, பிறகு வங்கிக் கடனுக்கு அலையும்போது வருகிற வேதனை இதில் இல்லை. கீழே மூத்தவள், மேலே இளையவள். "மேல இருக்கிறவளுக்கு முற்றம் இல்லையே" என்று தாய் கவலைப்பட்டார். மொட்டைமாடியில் பாதியை அவளுக்கென்று பிளானில் காட்டினோம்.

இப்போது தளர்வு கிடைத்த ஒரு கதை. கோட்டைமுனைப் பக்கம் ஒரு மூலைக் காணி, 5 பேர்ச்சுக்குச் சற்றுக் கூட. துண்டு பிரிந்தது மிகப் பழைய காலத்தில். உறுதியிலும் நில அளவைப் படத்திலும் அது தெளிவாக இருந்தது. இரண்டு பக்கமும் சபையின் வீதி. இரண்டு வீதிக்கும் வீதிக்கோடு, அதாவது வீதிக்காக விட வேண்டிய எல்லை, இருந்ததால், அவற்றை விட்டபின் கட்டக்கூடிய நிலம் 27 அடிக்கு 29 அடி. சாதாரண வீட்டுக்குப் பின்வெளி, அதாவது பின்சுவருக்கும் பின் எல்லைக்கும் நடுவில் விடும் இடம், 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி விட வேண்டும். விட்டால் ஆழம் இருபத்தொன்றரை அடிதான். படிக்கட்டு வைத்தால் கீழே அறை இல்லை. அறை வைத்தால் படிக்கட்டு இல்லை.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் எழுதிவைத்திருந்த கடிதம் இரண்டு பக்கம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தது, மனைவியின் வருத்தம், பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு முழுக்கக் கரைந்தது. ஒவ்வொரு வரியும் உண்மை. வாசிக்கும்போது எனக்கே நெஞ்சு அடைத்தது. ஆனால் குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கஷ்டம் என்றால் அடுத்த மேசையில் இருக்கும் விண்ணப்பக்காரருக்கும் கஷ்டம்தான். எவருடையது பெரிது என்று அளக்க அவர்களிடம் கோல் கிடையாது. காணியை அளக்கத்தான் கோல் இருக்கிறது. அதோடு, வீட்டுக்காரர் மாறுவார், கட்டடம் நிற்கும். மனிதரின் நிலைமையை வைத்துத் தளர்வு கொடுத்தால் அந்த மனிதர் விற்றுவிட்டுப் போன பிறகும் அந்தத் தளர்வு அங்கேயே நிற்கும்.

புதிய கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. ஏறத்தாழ இப்படி:

"எங்கள் காணி பழைய உறுதிப்படியே 6 பேர்ச்சுக்குக் குறைந்தது. இரு பக்கமும் வீதி. இரு வீதிக்கோடும் விட்டபின் 27 அடிக்கு 29 அடி நிலமே கட்டுவதற்கு மிஞ்சுகிறது. பின்வெளியை ஏழரை அடியிலிருந்து 5 அடியாகக் குறைக்க அனுமதி கோருகிறோம். வேறு எந்த அளவிலும் தளர்வு கேட்கவில்லை. பின்சுவரில் யன்னலோ கதவோ வைக்கமாட்டோம். கூரைத் தண்ணீர் பீலி வழியாக எங்கள் காணிக்குள்ளேயே இறங்கும். பின்காணியில் உள்ள கிணற்றுக்கும் எங்கள் மலக்குழிக்கும் உள்ள தூரம் படத்தில் காட்டப்பட்டுள்ளது."

கேட்டது இரண்டரை அடி. ஏன் அவ்வளவு, ஏன் அந்த இடத்தில், அதனால் பக்கத்துக் காணிக்கு என்ன குறையும், அதைச் சரிக்கட்ட நாங்கள் என்ன செய்வோம், எல்லாம் கடிதத்தில் இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. அந்த நிபந்தனைகள் எல்லாம் நாங்களே முன்வைத்தவை. கேட்பவரே நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தால் குழுவில் இருப்பவருக்குச் சம்மதம் எழுதுவது இலகு.

இந்த ஏழரை அடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தளர்வு கேட்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பின்வெளி என்றால் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைக்கிறார்கள். குசினிக்கும் குளியலறைக்கும் வெளிச்சமும் காற்றும் அதிலிருந்துதான் வருகின்றன. நெருப்புப் பிடித்தால் ஆள் ஓட வழி அதுதான். எங்கள் மணல் நிலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் சில அடியிலேயே வந்துவிடும். மலக்குழியில் இறங்குவது மணலுக்குள் சுலபமாக ஊர்ந்துபோகும். கிணற்றுக்கும் ஊறுகுழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்று பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நிற்பது அதனால்தான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, கிணறு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீடுகளில் குளிக்கவும் கழுவவும் பலர் இன்னும் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். குழாய் நிற்கிற நாளில் குடிக்கவும் அதுதான். நெருக்கமான ஒழுங்கைகளில் ஒருவருடைய பின்வெளி இன்னொருவருடைய கிணற்றுக்குக் காவல். அதனால் பின்வெளியில் தளர்வு கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

அப்புறம் சம்மதக் கடிதம். "பின்காணி என் தங்கச்சிட, அவ கையெழுத்து வெச்சுத் தருவா" என்பார்கள். எங்கள் ஊரில் பின்காணி அநேகமாகத் தங்கச்சியுடையதாகத்தான் இருக்கும், சீதன வளவு என்பதால். கையெழுத்தும் உடனே கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வளவில் அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்து, இரண்டு வீட்டின் பின்சுவரையும் எல்லையிலிருந்து மூன்று மூன்று அடிக்குக் கொண்டுவந்து, எதிரெதிரே யன்னலும் வைத்துக் கட்டினார்கள். குசினியிலிருந்தே கதைத்துக்கொள்வார்கள். பிறகு தங்கை குடும்பத்தோடு வெளிநாடு போனார், வீடு விற்கப்பட்டது. வாங்கியவர் தன் எல்லையில் உயரமாக மதில் எழுப்பினார். அவர் செய்ததில் பிழை சொல்ல முடியாது. தன் வீட்டுக்குள் மற்றவர் பார்ப்பதை அவர் விரும்பவில்லை. அக்காவின் குசினியில் பகலிலும் இப்போது லைட் எரிகிறது.

சம்மதக் கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருந்தால் நல்லது, பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதில் கையெழுத்து வைத்தவர் அந்தக் காணியில் என்றென்றும் இருக்கப்போவதில்லை. தளர்வு கேட்கும் பக்கத்தில் யன்னல் வைக்காதீர்கள். வெளிச்சத்தை வேறு பக்கத்திலிருந்து எடுங்கள்: பக்கவெளியிலிருந்து, சின்ன நடுமுற்றத்திலிருந்து, கூரையில் கண்ணாடி ஓடு வைத்து. அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது யன்னலாக இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு நல்ல கணக்கு. தளர்வு கிடைத்தாலும் அந்தக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர்களின் விஷயம் வேறு மாதிரி. வீட்டின் முன்னறையை டியூஷன் வகுப்பாக, சலூனாக, மில்லாக மாற்றுகிறவர்கள் சுவரில் ஒரு கல்கூட வைக்காததால் அனுமதி தேவையில்லை என்று நினைக்கிறார்கள். பாவனை மாறினால் அதற்கும் அனுமதி வேண்டும். வருடாவருடம் எடுக்கும் வியாபார அனுமதிப்பத்திரம் இதற்கு ஈடாகாது. மில், வெல்டிங், மரவேலை என்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும்.

டியூஷன் வகுப்பு நடத்தும் ஒரு தம்பிக்கு எதிராக ஒழுங்கைக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்ல ஆசிரியர், பிள்ளைகள் குவிகிறார்கள். ஒழுங்கை 10 அடி. பின்னேரம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதை அடைத்துவிடும். வாகனம் நிறுத்த அவர் காணியில் இடமில்லை, ஆகவே அந்த விதியில் தளர்வு வேண்டும். அவர் தன் வகுப்பின் பெறுபேறுகளை எல்லாம் இணைத்து ஒரு கோப்பு வைத்திருந்தார். ஒழுங்கைக்காரர்களின் பிரச்சினை பெறுபேறு இல்லை. அம்புலன்ஸ் வந்தால் எப்படி உள்ளே வரும் என்பது. நான் அவரை முதலில் சபைக்குப் போக விடவில்லை. எழுதிக் கொடுத்தவர்களிடம் போகச் சொன்னேன். அவர்களில் வயதான ஒரு ஐயா சொன்னாராம்: "தம்பி, நீ படிப்பிக்கிறது எங்கட பிள்ளைகளுக்கும்தான். ரோட்ட மட்டும் விட்டுத் தா." பிறகு கடிதம் தானாக உருவானது. முன்மதிலை உள்ளே தள்ளி சைக்கிள் நிறுத்த இடம். ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய பிள்ளைகளின் தொகைக்கு எல்லை. இரண்டு வகுப்புக்கு நடுவில் கால் மணி இடைவெளி. மோட்டார் சைக்கிளுக்கு ஒழுங்கைக்கு வெளியே ஒரு வளவை வாடகைக்கு எடுத்து அதன் ஒப்பந்தம் இணைப்பு. முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் தாருங்கள், முறைப்பாடு வந்தால் நிறுத்துங்கள் என்று அவரே எழுதினார். கிடைத்தது. ஒழுங்கைக்காரர்கள் இப்போது அவருக்குச் சாட்சி.

வியாபாரிகள் பெரிய வீதி ஓரத்தில் இருந்தால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லா வீதியும் சபையுடையது இல்லை. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போகும் ஏ4, திருகோணமலைப் பக்கம் போகும் ஏ15, இவற்றின் கட்டடக் கோடு, அதாவது அதைத் தாண்டி வீதிப்பக்கம் கட்டக் கூடாத கோடு, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். அளப்பது வீதியின் நடுக்கோட்டிலிருந்து. கான் ஓரத்திலிருந்தோ உங்கள் மதிலிலிருந்தோ அளந்து "இவ்வளவு விட்டிருக்கிறேனே" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. கல்முனையில் ஒரு கடைக்காரர் முன்பக்கத் தகரக்கூரையை நீட்டுவதற்குச் சபையில் தளர்வு கேட்டுக் காத்திருந்தார். காத்திருந்தது பிழையான வாசலில். கோட்டுக்குள் தற்காலிக அமைப்புக்கு இடம் கொடுத்தாலும், வீதி அகலும்போது நட்டஈடு கேட்கமாட்டேன் என்று உடன்படிக்கை எழுதித் தரச் சொல்வார்கள். அதில் கையெழுத்து வைத்தால் அந்த இடத்தில் காசைக் கொட்டாதீர்கள். கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பமும் தகரமும் போதும்.

தளர்வே கேட்கக் கூடாத இடங்களும் உண்டு. இதில் என் மனம் இளகாது. கரையோரம் பேணல் சட்டம் 1981ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். வாவி ஓரத்துக்கும் அதில் ஏற்பாடு உண்டு. அங்கே என்ன கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சபை நினைத்தாலும் அதைத் தளர்த்த முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கட்டத்தடை வலயம் அறிவித்து, பிறகு அதைக் குறைத்தார்கள். அந்தக் குழப்பத்தில் எத்தனையோ குடும்பங்கள் இழுபட்டது உண்மை. ஆனாலும் நாவலடியிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர், கடலைப் பார்த்தபடி விருந்தினர் விடுதி கட்ட இன்னும் பத்து மீற்றர் முன்னே வர வேண்டும் என்று வந்தால் நான் பிளான் கீறுவதில்லை. அறுகம்பேயில் எல்லோரும் கட்டுகிறார்கள் என்பார்கள். கட்டட்டும்.

வாவிக்கரையை, பள்ளக் காணியை மண் போட்டு நிரப்புவதும் அதே மாதிரி. 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் எங்கே நின்றது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் நிரப்பி உயர்த்தினால் தண்ணீர் இல்லாமல் போவதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிறது. வயல் காணியென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் மற்ற எதைப் பற்றியும் பேசத் தொடங்கவே முடியாது.

பிளான் பாஸ் ஆகுமுன் அத்திவாரம் வெட்டாதீர்கள். எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் நல்ல நாள் பார்த்துக் கல் வைத்துவிட்டு வருகிறார்கள். கல் வைப்பது சடங்கு, அதில் தடை இல்லை. அதற்கு அடுத்த வாரமே மேசனைக் கூப்பிட்டு வேலை தொடங்குவதுதான் பிரச்சினை. "கட்டிப்போட்டு கவரிங் அப்ரூவல் எடுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அனுமதி எடுக்காமல் கட்டியதற்கு மேலதிகக் கட்டணம் கட்டிப் பிறகு அனுமதி எடுக்கும் முறை அது. விதிக்குள் கட்டியிருந்தால் உதவும். விதியை மீறிக் கட்டிய சுவருக்கு அது மருந்து இல்லை. விஷயம் நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். இடிக்கச் சொல்லி உத்தரவும் வரலாம். தளர்வு கேட்பதில் இதன் பாதிப்பு இன்னும் பெரிது. வெறுங்காணியில் நின்று "இரண்டரை அடி தாருங்கள்" என்று கேட்பவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கட்டி முடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்று கேட்பவரை வேறு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

வாய்ச்சொல்லை நம்பியும் கட்டாதீர்கள். "நீங்க கட்டுங்க, நான் பாத்துக்கிறன்" என்று சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கலாம். 2023 மார்ச்சில் நாட்டின் ஏறத்தாழ எல்லா உள்ளூராட்சி சபைகளின் காலமும் முடிந்தது. பெரும்பாலானவற்றுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லை, உத்தியோகத்தர்கள் சபையை நடத்தினார்கள். உறுப்பினரின் சொல்லை வைத்து மேல்மாடியைத் தொடங்கிய ஒரு குடும்பம் அம்பாறை மாவட்டத்தில் எனக்குத் தெரியும். சொல்லிய மனிதர் வீட்டில் இருந்தார்; தூண்கள் கம்பி நீட்டியபடி மழையில் நின்றன. எழுத்தில் உள்ள ஒரு வரி ஆட்சி மாறினாலும் கோப்பில் இருக்கும்.

களப் பரிசோதனைக்கு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். அதற்கு முன்னமே நில அளவையாளரின் எல்லைக் கற்களைத் தேடிப் பற்றையை வெட்டிக் காட்டிவையுங்கள். கட்டை அடித்து, கயிறு கட்டி, வீடு வரும் கோட்டையும் விதி கேட்கும் கோட்டையும் இரண்டு நிறக் கயிற்றில் காட்டினால், காகிதத்தில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் நிலத்தில் எவ்வளவு சிறியது என்று வருபவரே பார்ப்பார். சில நேரம் எவ்வளவு பெரியது என்று வீட்டுக்காரரும் பார்ப்பார். கயிற்றைப் பார்த்துவிட்டு "இது சரிவராது, அறையைக் குறைப்பம்" என்று தாங்களாகவே சொன்னவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றால் நல்லது. நில அளவைப் படம் பழையதாக இருந்தால் புதிதாக அளந்துகொள்ளுங்கள். மதில் இருக்கும் இடமும் எல்லை இருக்கும் இடமும் ஒன்றாக இல்லாத வளவுகள் ஏராளம். சோலைவரி நிலுவையைக் கட்டிவிட்டுப் போங்கள். நிலுவை இருந்தால் கோப்பு அந்த மேசையைத் தாண்டாது.

மறுத்தால்? காரணம் எழுத்தில் வர வேண்டும். "அனுமதிக்க முடியாது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு திரும்பி வராதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பம் பற்றிக் குழு எடுத்த முடிவின் குறிப்பையும் களப் பரிசோதனை அறிக்கையையும் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. இதைச் சண்டையாக நினைக்காதீர்கள். காரணம் தெரிந்தால் பிளானைத் திருத்தலாம். நான் பார்த்த மறுப்புகளில் கணிசமானவை ஒரு யன்னலாலும், ஒரு குழியின் இடத்தாலும் வந்தவை. திருத்திக் கொடுத்ததும் பாஸ் ஆனவை.

கிடைத்தால், அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை மேசனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பின்சுவரில் யன்னல் இல்லை என்று எழுதியிருக்க, "காத்து வரட்டும்" என்று நல்லெண்ணத்தில் மேசன் ஒரு துவாரம் விட்டால், வேலை முடிந்து, அனுமதித்தபடிதான் கட்டினீர்கள் என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ் கேட்கும்போது அது நிற்கும். அனுமதிக்குக் காலம் உண்டு. வேலை இழுபட்டால் முடிவதற்கு முன்பே நீடித்துக்கொள்ளுங்கள். நிபந்தனைக் கடிதத்தின் ஒரு பிரதியை உறுதியோடு சேர்த்து வையுங்கள். மகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பிரதியையும் கொடுங்கள். விற்பதானால் வாங்குபவருக்கும் கொடுங்கள். பின்சுவரில் யன்னல் வைப்பதில்லை என்ற வாக்கு அந்தக் காணியைச் சேர்ந்தது, அடுத்து அங்கே குடியிருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.